குழாய் உடைந்தால் குழியில் இறங்குவது யார்?

“விஷவாயு தாக்கி இருவர் பலி.”

இந்தத் தலைப்பை நாம் ஒவ்வொருவரும் எத்தனை முறை படித்திருப்போம்! ஊரின் பெயர் மாறும், இறந்தவர்களின் எண்ணிக்கை மாறும், வாக்கியம் மட்டும் மாறாது. அந்த வாக்கியத்தில் கொன்றது வாயு. குழிக்குள் இறங்கச் சொன்னவர் அதில் இல்லை, ஒப்பந்ததாரர் இல்லை, பொறியாளர் இல்லை, நகர நிர்வாகமும் இல்லை. புதரில் பதுங்கியிருந்த விலங்கு பாய்ந்ததுபோல வாயு தானாக வந்து ‘தாக்கியது’.

மலக்குழி மரணங்களுக்குப் பின்னால் இருப்பது சாதி என்பதை இதைப் படிக்கும் தோழர்களுக்கு நாங்கள் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் வந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று கல்லூரி வாசலில் துண்டறிக்கை கொடுக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் தெரியும், தீர்ப்புகள் தெரியும். ஆனால் நம் பேச்சு பெரும்பாலும் குழியின் வாயிலேயே நின்றுவிடுகிறது. யார் இறக்கினார்கள், கையுறை கொடுத்தார்களா, வழக்குப் பதிந்தார்களா, இழப்பீடு வந்ததா என்று கேட்கிறோம். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்தக் குழிக்கு அப்பால், சாலைக்கு அடியில் ஓடும் குழாயைப் பற்றி நாம் கேட்பதில்லை. அது பொறியாளர்களின் விஷயம் என்று விட்டுவிட்டோம். அப்படி விட்டது நம் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

ஓர் அக்கா கேட்ட கேள்வி

எங்களுக்கும் இது புத்தகத்தைப் படித்துப் புரிந்ததல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு, மலக்குழியில் கணவரை இழந்த ஓர் அக்காவின் வீட்டுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தோம். முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவுகளைச் சேர்க்க வைப்பது, சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இழப்பீட்டு மனு, பிள்ளைகளின் படிப்பு என்று அடுக்கடுக்காக வேலை இருந்தது. இழப்பீட்டு உத்தரவு கைக்கு வந்த நாளில், ஒரு பெரிய வேலையை முடித்துவிட்ட நிறைவோடு அந்தக் காகிதத்தை அவரிடம் கொடுத்தோம். அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் கேட்டார்:

“ஏம்பா, அந்தக் கொழாய சரி பண்ணிட்டாங்களா?”

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. “கேட்டுச் சொல்றோம்க்கா” என்றோம்.

“இல்ல, அதே எடத்துல அடைப்புன்னு மறுபடி யாரையாவது எறக்குவாங்க. அதான் கேட்டேன்.”

மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனோம். குழிக்குப் புது மூடி போட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசியிருந்தார்கள். மூடியின் ஓரத்தில் கறுப்புத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எதிரே டீக்கடை வைத்திருந்தவர் சொன்னார்: “மாசத்துக்கு ஒரு தரம் பொங்கும். வந்து எடுப்பாங்க, பத்து நாள் ஓடும், மறுபடி பொங்கும். கீழ எங்கயோ கொழாய் உள்வாங்கிடுச்சாம். மண்ணு வந்துக்கிட்டே இருக்கு.”

அந்த அக்காவின் கணவர் எடுக்கப் போன அடைப்பு, தெருவில் யாரோ வீசிய குப்பையால் வந்ததல்ல. உடைந்த குழாய்க்குள் மண் வந்து சேர்ந்ததால் வந்தது. அவர் இறந்த பிறகும் குழாய் அப்படியே இருந்தது. காவல் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், ஆட்சியர் அலுவலகம் என்று மாதக்கணக்கில் அலைந்த நாங்கள், எந்த மேசையிலும் அந்தக் குழாயைப் பற்றிக் கேட்டதில்லை.

குழாய் எப்படி இற்றுப்போகிறது

குடிநீர்க் குழாயில் தண்ணீர் அழுத்தத்தால் ஓடும். பாதாளச் சாக்கடை பெரும்பாலும் சரிவை நம்பி ஓடும். நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் மண்ணும் மலமும் அடியில் தங்காமல் அடித்துச் செல்லப்படும் என்பது நம் நாட்டு வடிவமைப்புக் கையேடு சொல்லும் கணக்கு. சரிவு போதாவிட்டாலோ, அடியிலுள்ள மண் அமுங்கிக் குழாய் ஓரிடத்தில் தொய்ந்துவிட்டாலோ, ஓட்டம் மந்தமாகிக் கழிவு தேங்கும்.

தேங்கிய கழிவில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். குழாயின் உட்சுவரில் வழவழவென்று படிந்திருக்கும் பாசிபோன்ற படலத்தில் ஒருவகை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை கழிவிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயு. அது கழிவுநீரிலிருந்து கிளம்பி, குழாயில் நீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் சேருகிறது. குழாயின் ஈரமான மேற்பகுதியில் வாழும் வேறொரு வகை பாக்டீரியாக்கள் அந்த வாயுவைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கான்கிரீட்டைத் தின்கிறது. கல்போல இருந்த சிமெண்ட், விரலால் சுரண்டினால் உதிரும் மாவாகிறது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. ஒரு நாள் குழாயின் கூரை உள்ளே விழுகிறது. வெப்பம் கூடக் கூட இந்த வேலை வேகமாக நடக்கும். நம் ஊர் வெயிலில் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழாய்களின் இணைப்புகள் வேறொரு வழியில் கெடுகின்றன. வருடங்கள் ஆக ஆக இணைப்புகள் விலகும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்போது, விலகிய இடுக்கு வழியாக நீரும் மணலும் குழாய்க்குள் புகும். உள்ளே மணல் சேர்ந்து அடைப்பாகும். வெளியே குழாயைத் தாங்கியிருந்த மண் கரைந்து பொந்தாகும். அந்தப் பொந்துக்கு மேலே தார்ச்சாலை மட்டும் கூரைபோல நின்றுகொண்டிருக்கும். கனமான வண்டி ஒன்று ஏறினால் ‘சாலையில் திடீர்ப் பள்ளம்’ என்று செய்தி வரும். அது திடீரென்று வந்த பள்ளமல்ல, பல மாதங்களாக அடியில் வளர்ந்தது. நிலத்தடி நீர் இறங்கும் கோடையில் கழிவுநீர் வெளியே கசியும். பக்கத்தில் ஓடும் குடிநீர்க் குழாயும் பழுதாகியிருந்தால் அதற்குள் கலக்கும். காலிக் குடத்தோடு சாலை மறியல் செய்யும் பெண்கள் பாட்டிலில் கறுப்புத் தண்ணீரைத் தூக்கிக் காட்டுகிறார்களே, அதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

இங்கே இரண்டு விஷயங்களை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, குழாயைத் தின்னும் அந்த ஹைட்ரஜன் சல்பைடுதான் நம் ஆட்களைக் கொல்லும் விஷவாயுக்களிலும் முக்கியமானது. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு இருந்தாலே மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. “நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்” என்று தோன்றும். பத்து லட்சத்துக்கு 700, 1,000 பங்கு என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தங்கும். விழுந்தவரைத் தூக்க இறங்கும் தம்பியும் மைத்துனனும் அதனால்தான் சேர்ந்தே சாகிறார்கள். ஒரு குழியில் வாயு இவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றால் அந்தப் பகுதியில் கழிவு ஓடாமல் தேங்குகிறது, காற்றோட்டம் இல்லை என்று பொருள். கருவியை இறக்கி அளந்தால் எந்த வாரத்திலும் தெரிந்துவிடும் உண்மை அது.

இரண்டாவது, இயந்திரத்தால் எடுக்க முடியாமல் ஆளைத் தேடும் அடைப்புகளில் பல, குழாய் உடைந்ததாலோ தொய்ந்ததாலோ வருபவை. ஜெட் ராடிங் வண்டி தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும்போது உடைந்த இடத்தில் குழல் சிக்கிக்கொள்ளும். அல்லது மணல் விலகி, மறுவாரமே திரும்ப வந்து சேரும். “மிஷின் வேலைக்கு ஆகல, ஆளைக் கூப்பிடு” என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. குழாயைப் பழுதுபார்க்காமல் விட்ட ஒவ்வொரு ஆண்டும் ஓர் ஆளைக் குழிக்குள் இறக்கும் நாளை நெருங்கவைக்கிறது.

1961ஐ நினைத்துப் போட்ட கணக்கு

சென்னையின் பாதாளச் சாக்கடை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் ஆட்சியில் வடிவமைக்கப்பட்டது. 1961இல் நகரத்தில் சுமார் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்பது அன்றைய கணக்கு. 1961 வந்தபோது சென்னையில் 17 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1950களின் இறுதியில் விரிவாக்கத் திட்டம் போட்டார்கள். 1978இல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் வந்தது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வேலையே நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை.

நாங்கள் சொல்வது, புதிய குழாய்க்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, பழைய குழாயைப் பராமரிக்க விழாவும் இல்லை கல்வெட்டும் இல்லை என்பதைத்தான். மண்ணுக்கடியில் இருப்பதால் அது யார் கண்ணிலும் படாது. கேமராவை உள்ளே அனுப்பி ஆய்வு செய்வது, இற்றுப்போன குழாய்க்குள் புது உறை செலுத்துவது, அமிலம் தாங்கும் குழாயாக மாற்றுவது எல்லாம் உலகத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் வேலைகள். சாலையை முழுக்கத் தோண்டாமலே பலவற்றைச் செய்யலாம். ஆனால் அதற்குத் தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒதுக்காமல் தள்ளிப்போட்டாலும் நகரம் நாறாமல் ஓடுகிறதே, அது எப்படி? தள்ளிப்போட்ட பராமரிப்பைத் தன் உடம்பால் செய்துகொடுக்க ஒரு சாதி இருக்கிறது.

ஜப்பானில் ஒரு சாலை இடிந்தது

இதே வாயு, இதே அமிலம் வேறொரு நாட்டில் என்ன செய்தது என்று பார்ப்போம். 2025 ஜனவரி 28 அன்று ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் யாஷியோ நகரச் சாலைச் சந்திப்பு உள்வாங்கியது. ஒரு லாரி அதற்குள் விழுந்தது. 74 வயது ஓட்டுநரின் உடலை மீட்க மூன்று மாதங்கள் ஆயின. சாலைக்கு அடியில் ஓடிய பெரிய கழிவுநீர்க் குழாய் 1983 முதல் பயன்பாட்டில் இருந்தது. அது அரித்துப்போனதே காரணம் என்று கருதப்படுகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த சுமார் 12 லட்சம் மக்களைத் தண்ணீர்ப் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு, 2 மீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள, 30 ஆண்டைக் கடந்த குழாய்களை நாடு முழுக்க ஆய்வு செய்யும்படி அரசு கேட்டுக்கொண்டது.

ஜப்பான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அந்த நாடு தழுவிய ஆய்வின்போதே, 2025 ஆகஸ்ட் 2 அன்று அதே மாகாணத்தின் கியோதா நகரில் ஒரு தொழிலாளி குழிக்குள் விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போன மூவரும் சேர்ந்து நான்கு பேரும் இறந்தார்கள். அங்கும் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தது. முறையாக ஆய்வு நடக்கும் நாட்டிலேயே இந்த வேலை இவ்வளவு ஆபத்தானது என்றால், தினக்கூலிக்குக் கூப்பிட்டு இடுப்பில் கயிறு கட்டி இறக்கும் இடத்தில் அதை விபத்து என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே ஒரு சாலை இடிந்து ஓர் ஓட்டுநர் இறந்ததும், நாட்டின் குழாய்களுக்கெல்லாம் எத்தனை வயது என்று கேட்டார்கள். இங்கே 1993 முதல் பதிவான சாக்கடை மரணங்களின் கணக்கில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்த மரணங்களில் ஒன்றுக்குப் பிறகாவது, இறந்தவர் இறங்கிய குழாயின் வயது என்ன என்று பொதுவெளியில் யாராவது கேட்டு நாம் பார்த்திருக்கிறோமா?

சட்டத்தில் ஒரு கதவு

2013ஆம் ஆண்டின் சட்டம் மலம் அள்ளும் தொழிலில் ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்கிறது. அதன் 7ஆம் பிரிவு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ‘அபாயகரமான சுத்திகரிப்பு’க்கு ஆளை ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. மீறினால் 9ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, 5 லட்சம். இதைக் கூட்டங்களில் நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் ‘அபாயகரமான சுத்திகரிப்பு’க்குச் சட்டம் தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கருவிகள் தராமல், பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்காமல் செய்ய வைப்பதுதான் அபாயகரமானது. கருவி கொடுத்துவிட்டால் மனிதர் இறங்குவதைச் சட்டம் முழுமையாகத் தடுக்கவில்லை.

அதே ஆண்டு வந்த விதிகளில் 3ஆம் விதி, எந்தெந்தச் சூழலில் மனிதரை இறக்கலாம் என்று பட்டியலிடுகிறது. இயந்திரம் நுழைய முடியாத இடத்தில் உடைந்த மூடியை எடுக்க, புதுக் குழாயைப் பழைய குழாயோடு இணைக்க, நீர்மூழ்கி மோட்டாரை வெளியே எடுக்க, குழியைத் திரும்பக் கட்டவோ குழாயைப் பழுதுபார்க்கவோ இறக்கலாம். தவிர்க்கவே முடியாத சூழல் என்று உள்ளாட்சியின் தலைமை அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதித்தாலும் இறக்கலாம்.

இந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். உடைந்த மூடி, உடைந்த குழி, பழுதான குழாய் என்று பாதிக்கு மேல் பராமரிப்புத் தோல்விகள். குழாயைச் சரியான காலத்தில் ஆய்வு செய்து மாற்றியிருந்தால் இந்த ‘சூழல்’ பெரும்பாலும் வந்திருக்காது. பராமரிக்காமல் விடுபவரே தவிர்க்க முடியாத சூழலையும் உருவாக்குகிறார், பிறகு அதையே காரணமாக எழுதவும் செய்கிறார். இதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, சாக்கடை சுத்தம் செய்ய உரிய தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்கிறது. 7ஆம் பிரிவைச் சொல்லும் நாம் 33ஐச் சொல்வதில்லை.

நீதிமன்றங்கள் பேசாமல் இல்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்த உத்தரவிட்டது. இவை நம் தோழர்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றவை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு பிரதான சாலையில் குழாய் மாற்றும் செலவோடு வைத்துப் பார்த்தால் 30 லட்சம் சிறிய தொகை. குழாய்க்கு ஆகும் செலவைவிட உயிருக்கு ஆகும் செலவு குறைவாக இருக்கும்வரை, நிர்வாகத்தின் கணக்கு எந்தப் பக்கம் சாயும்?

இது சாதியைப் பற்றிய பேச்சுதான்

“குழாய், சரிவு, அமிலம் என்று பேசினால் சாதி மறைந்துவிடாதா தோழர்?” என்று ஒரு பயிற்சி முகாமில் ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பதில்: சாதி குழாய்க்குள்தான் இருக்கிறது.

சமூகவியல் வகுப்பில் சாதியைப் படித்தபோது அகமணம் படித்தோம், கோயில் நுழைவு படித்தோம், ஊர்–சேரிப் பிரிவினை படித்தோம். நகரத்தின் பராமரிப்பு வரவுசெலவைப் படிக்கவில்லை. அதிலும் சாதி இருக்கிறது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு. 2022, 2023ஆம் ஆண்டுகளில் நடந்த மரணங்களில் 54ஐ எடுத்து அரசே செய்த சமூகத் தணிக்கையில், 49 பேர் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் இறங்கியிருந்தது தெரியவந்தது.

சாதி என்பது வெறும் வேலைப் பங்கீடு என்ற வாதத்தை அண்ணல் அம்பேத்கர் 1936லேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் உடைத்துவிட்டார். சாக்கடையில் இந்தப் பங்கீடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். குழாயின் விட்டத்தை முடிவு செய்பவர், ஒப்பந்தப் புள்ளியில் கையெழுத்திடுபவர், பராமரிப்பு நிதியை வேறு தலைப்புக்கு மாற்றுபவர், இவர்கள் யாரும் குழாய்க்குள் இறங்குவதில்லை. அவர்கள் பிள்ளைகளும் இறங்கப்போவதில்லை. முடிவு எடுப்பவர் வேறு, அந்த முடிவை உடம்பில் தாங்குபவர் வேறு. குழாய் உடைந்தால் பொறியாளர் வீட்டுப் பையன் இறங்க வேண்டும் என்று விதி இருந்தால், இந்நேரம் ஒவ்வொரு தெருக் குழாயின் வயதும் கணினியில் இருந்திருக்கும்.

“மக்கள் நாப்கினையும் பிளாஸ்டிக்கையும் போடுகிறார்கள், என்ன செய்வது” என்று சொல்வார்கள். போடக் கூடாதுதான். ஆனால் மணலையும் கல்லையும் யாரும் கழிப்பறையில் போடுவதில்லை. தூர் வாரி வெளியே கொட்டியதைப் பாருங்கள், அதில் எவ்வளவு மண் என்று தெரியும்.

“இயந்திரம் வந்துவிட்டது” என்றும் சொல்வார்கள். வரட்டும், இன்னும் நிறைய வரட்டும். கேரளத்தில் உருவான பாண்டிகூட் ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. 2023–24 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் ‘ஆள் நுழையும் குழி’யை ‘இயந்திரம் நுழையும் குழி’யாக மாற்றுவோம் என்றார்கள். ஆனால் குழியின் பெயரை மாற்றினால் அதன் அடியிலுள்ள குழாய் மாறாது. இயந்திரம் அடைப்பைத்தான் எடுக்கும். உடைப்பைச் சரிசெய்யாது. உடைந்த குழாயில் இயந்திரம் தோற்கும் ஒவ்வொரு முறையும் பழைய வழக்கம் திரும்ப வரும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. முப்பது ஆண்டு இந்த வேலையில் இருந்தவர்களுக்கு எந்தத் தெருவில் குழாய் தொய்ந்திருக்கிறது, எந்தக் குழியில் வாயு சேரும் என்று அத்துப்படி. எந்த வரைபடத்திலும் இல்லாத அறிவு அது. அதற்கு உரிய பதவியும் நிரந்தர ஊதியமும் கேட்போம். அதே நேரத்தில், இயந்திரம் ஓட்டினாலும் கேமரா பிடித்தாலும் ‘சாக்கடை என்றால் இந்தச் சாதி’ என்ற கட்டு அப்படியே தொடர்வதை ஏற்க மாட்டோம். அவர்கள் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் பொறியாளராக வரவும் வழி வேண்டும், இந்தத் துறையை விட்டே போகவும் வழி வேண்டும்.

மரணத்துக்கு முன்பே கேட்போம்

நாம் சாவு வீட்டுக்குப் போகப் பழகிவிட்டோம். முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு, இழப்பீடு என்று வரிசையாக எல்லாம் தெரியும். இந்தத் திறமை தேவை. ஆனால் இது மட்டுமே நம் வேலையாக ஆகிவிட்டால், நாமும் மரணத்துக்குப் பிறகு வரும் ஒரு துறைபோல ஆகிவிடுவோம்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் கல்லூரியைச் சுற்றி அடிக்கடி பொங்கும் மூன்று குழிகளைக் கண்டுபிடியுங்கள். தெருவில் உள்ளவர்களிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தேதி போட்டுப் படம் எடுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இவற்றைக் கேளுங்கள்:

1. இந்தத் தெருவின் கழிவுநீர்க் குழாய் எந்த ஆண்டு பதிக்கப்பட்டது, எந்தப் பொருளால் ஆனது, விட்டம் எவ்வளவு?
2. கடைசியாகக் கேமரா மூலம் ஆய்வு செய்த தேதி எது? அந்த அறிக்கையின் நகல் வேண்டும்.
3. கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தக் குழியில் எத்தனை முறை அடைப்பு எடுக்கப்பட்டது? ஒவ்வொரு முறையும் எந்த இயந்திரம் பயன்பட்டது?
4. 2013 விதிகளின் 3ஆம் விதியின்கீழ் மனிதர் இறங்க எழுத்து மூலம் அனுமதி தரப்பட்டதா? தரப்பட்டிருந்தால் நகல் வேண்டும்.
5. பழைய குழாய்களைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் கடந்த மூன்று ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்ட தொகை எவ்வளவு?
6. பராமரிப்பு ஒப்பந்ததாரர் யார்? அவரிடம் உள்ள வாயு அளக்கும் கருவிகள் எத்தனை?

பதில் வந்தால் பகுதி சபைக் கூட்டத்தில் வாசியுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். ஒரே குழி மாதாமாதம் பொங்குகிறது என்று ஆவணம் இருந்தால், நாளை அங்கே யாராவது இறக்கப்பட்டால் “எதிர்பாராத விபத்து” என்று யாரும் சொல்ல முடியாது. அபாயம் தெரிந்தே விட்டார்கள் என்பதற்கு அந்தக் காகிதம் சாட்சி சொல்லும். அதைவிட முக்கியமாக, அந்தக் காகிதத்தைப் பார்த்து யாராவது குழாயைச் சரிசெய்தால் சாட்சிக்கே தேவை இருக்காது.

அந்த அக்காவின் கணவர் இறந்த தெருவுக்கும் இதே மனுவைப் போட்டோம். குழாயின் வயது பற்றிய கேள்விக்கு “அத்தகைய விவரம் இந்த அலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை” என்று ஒரு வரிப் பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறோம். போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினோம். மூத்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிளஸ் டூ படிக்கிறான்.

“விடாதீங்க. திரும்ப எழுதிப் போடுங்க” என்றார் அக்கா. அடுத்த மனுவைப் பையனே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.